யாளிக்கு உயிர் கொடுப்பது எப்படி? ஸ்போர் விளையாட்டின் உடற்கூறும் அதன் பரிணாமக் கணக்கும்

மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம் இருக்கிறது. அங்கே பின்னங்காலில் எழும்பி நிற்கும் யாளியைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, பிதுங்கிய கண், சுருள் சுருளாகப் பிடரி, வாயின் இருபுறமும் கோரைப்பல். எந்தக் காட்டிலும் திரியாத விலங்குதான். ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் இது பாயும், கடிக்கும் என்று நம் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. நாலு விலங்கின் உறுப்புகளை எடுத்து ஒட்டுத் தெரியாமல் ஒரே உடம்பாக்கியது சிற்பியின் கைத்திறன்.

2008 செப்டம்பரில் வெளிவந்த ஸ்போர் என்ற கணினி விளையாட்டு இதே வேலையை நம் கையில் கொடுக்கிறது. மேக்சிஸ் நிறுவனம் உருவாக்க, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது. வடிவமைத்தவர் வில் ரைட். சிம்சிட்டி, தி சிம்ஸ் இரண்டும் அவர் கைவண்ணமே. ஒரு செல் உயிரியில் தொடங்கி, நிலத்தில் நடக்கும் விலங்காகி, கூட்டம் சேர்த்து, நகரம் கட்டி, கடைசியில் விண்கலத்தில் ஏறிப் பறப்பது வரை ஐந்து கட்டங்கள். முதல் இரண்டு கட்டங்களில் நம் விலங்கின் உடம்பை நாமே செதுக்கலாம். கண்ணை முதுகில் வைக்கலாம், ஆறு கால் மாட்டலாம், வாலில் வாய் வைக்கலாம். எப்படிச் செய்தாலும் அது எழுந்து நடக்கும், ஆடும், முட்டையிடும்.

பரிணாம விளையாட்டு என்றே இதற்குப் பெயர் விழுந்தது. அப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாடமும் தப்பாகும், விளையாட்டும் பாதியில் சலிக்கும். இது ஒரு சிற்பக்கூடம். அந்த எண்ணத்தோடு தொடங்குபவருக்கு, பதினைந்து ஆண்டுக்கும் மேலான பழைய விளையாட்டாக இருந்தாலும், இன்றைக்கும் இது பெரிய விருந்து. உண்மையான பரிணாமம் எதுவென்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவும் இதே கூடத்தைப் பயன்படுத்தலாம். அதற்கு விளையாட்டின் விதிகளோடு நாமும் சில விதிகளைச் சேர்க்கவேண்டும். அது பின்னால் வருகிறது.

ஒரு சொட்டுத் தண்ணீருக்குள்

முதல் கட்டத்தில் விண்கல் ஒன்று கடலில் விழுந்து உடைகிறது. அதற்குள்ளிருந்து நம் உயிரி நீந்தி வெளியே வருகிறது. தாவரம் தின்பதா, இறைச்சி தின்பதா என்று ஆரம்பத்திலேயே கேட்கப்படும். தாவரத்துக்கு வடிகட்டி வாய், இறைச்சிக்குத் தாடை. போகப்போக உறிஞ்சுகுழல் வாய் ஒன்றும் கிடைக்கும். அதால் இரண்டையும் தின்னலாம். அது கிடைக்கும் வரை காத்திருக்காமல் வடிகட்டி வாய், தாடை இரண்டையும் ஒரே உடம்பில் மாட்டினாலும் அனைத்துண்ணி ஆகிவிடலாம்.

புதிய உறுப்புகள் இரண்டு வழியில் வரும். மிதக்கும் விண்கல் துண்டுகளை உடைத்தால் ஒரு வழி. அந்த உறுப்பை வைத்திருக்கும் இன்னோர் உயிரியைக் கொன்றால் இன்னொரு வழி. தின்னத் தின்ன டிஎன்ஏ புள்ளி சேரும். துணையை அழைத்து முட்டையிடும் நேரத்தில், சேர்த்த புள்ளியைக் கொடுத்து உறுப்பு வாங்கி மாட்டலாம்.

இந்தக் கட்டத்தில் ஓர் உறுப்பை எங்கே வைக்கிறோம் என்பது, என்ன உறுப்பு என்பதைப் போலவே முக்கியம். மற்ற கட்டங்களில் இந்த அருமை குறைந்துவிடுகிறது. உணவு வாயில் பட்டால்தான் உள்ளே போகும். வாயைப் பக்கவாட்டில் வைத்தவர் நண்டு மாதிரி ஒருக்களித்து நீந்தித்தான் தின்னவேண்டும். முள் முன்பக்கம் இருந்தால் தாக்க உதவும். பின்பக்கம் வைத்தால் துரத்துபவனுக்கு மட்டும் பயம். நஞ்சு கக்கும் உறுப்புக்கு நேர்மாறான கணக்கு: அதைப் பின்னால் வைத்தால் துரத்தி வருபவன் அந்த நஞ்சுப் புகைக்குள்ளேயே நீந்தி வரவேண்டும். சாட்டை மாதிரி நீண்ட கசையிழை வேகம் தரும், சின்ன மயிர் மாதிரியான குறுயிழை சட்டென்று திரும்ப உதவும். புதிதாக விளையாடுபவர்கள் முள்ளாகவே வாங்கி மாட்டிவிட்டு நகர எதுவும் வாங்காமல் விடுவார்கள். எதிரே பெரிய தாடைக்காரன் வந்தால் ஆடி அசைந்து திரும்புவதற்குள் கதை முடிந்துவிடும். கசையிழை, குறுயிழை ஒவ்வொன்று, முன்னால் ஒரு முள், பின்னால் ஒரு நஞ்சு: இந்த அடக்கமான உடம்பு இந்தக் கட்டத்தைச் சிரமமில்லாமல் தாண்டிவிடும்.

வளர வளரப் பார்வை பின்வாங்கும் விதம் தனி அழகு. முதலில் பின்புலத்தில் மங்கலாக, மலை மாதிரி மிதந்துபோன உருவம், கொஞ்ச நேரத்தில் நம் அளவுக்கு வந்து எதிரே நிற்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அது நமக்கு இரை. அளவு மாறினால் உலகமே வேறாகிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய விளையாட்டு வேறில்லை என்றே சொல்லலாம்.

யாளி செய்முறை

நிலத்துக்கு வந்த பிறகுதான் சிற்பக்கூடம் முழுமையாகத் திறக்கும். முழு விளையாட்டுக்கு முன்பே, 2008 ஜூனில், விலங்கு செய்யும் பகுதியை மட்டும் தனியாக வெளியிட்டார்கள். முழு விளையாட்டு கடைக்கு வருவதற்குள் உலகம் முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் செய்து குவிக்கப்பட்டன. ஜனங்களுக்கு எது வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட அத்தாட்சி தேவையில்லை.

யாளி செய்ய, தொடக்கப் பக்கத்திலிருந்தே விலங்குக் கூடத்துக்குள் போகலாம். அங்கே புள்ளிச் செலவு இல்லை, எல்லா உறுப்பும் கிடைக்கும். ஒரே கட்டுப்பாடு சிக்கல் அளவுகோல்: உறுப்பு சேரச் சேர ஒரு பட்டை நிரம்பும், நிரம்பிவிட்டால் அதற்கு மேல் மாட்ட முடியாது.

முதலில் கிடைப்பது களிமண் உருண்டை மாதிரி ஓர் உடம்பு. உள்ளே முதுகெலும்பு தெரியும். இரண்டு முனையிலும் அம்புக்குறி இருக்கும். பிடித்து இழுத்தால் கணு கணுவாக நீளும். எந்தக் கணுவையும் பிடித்து வளைக்கலாம். ஒரு கணுவின் மேல் சுட்டியை வைத்து மவுஸ் சக்கரத்தை உருட்டினால் அந்த இடம் பருக்கும் அல்லது மெலியும். புதுமண்டபத்து யாளி எழும்பி நிற்பது. ஆகவே முதுகெலும்பைக் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிறுத்தி, இடுப்பை ஒடுக்கி, மார்பை இரண்டு மூன்று கணுவுக்குப் பருக்க வைக்கவேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கணுக்களில் ஒன்றை மிகப் பருமனாகவும் அடுத்ததை மிக மெலிதாகவும் வைத்தால் தோல் அங்கே கட்டி மாதிரி புடைக்கும். பருமனைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போவதுதான் வழி.

அடுத்தது துதிக்கை. யாளியை யாளியாக்குவது அதுதான், கை தவறுவதும் அங்கேதான். இரண்டு வழி உண்டு. ஒன்று, முதுகெலும்பின் முன்முனையை முகத்துக்கு வெளியே இன்னும் ஐந்தாறு கணு நீட்டி, கீழே இறக்கி, நுனியை மேலே சுருட்டுவது. வாயைத் துதிக்கை தொடங்கும் இடத்துக்கு அடியில் பதிக்கலாம். வாய் உடம்பின் முனையில்தான் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. இதில் துதிக்கை கொஞ்சம் தடிப்பாகவே நிற்கும், ஏனென்றால் முதுகெலும்பை ஓர் அளவுக்கு மேல் மெலிய வைக்க முடியாது. இரண்டாவது வழி, ஒரு கையை எடுத்து முகத்தின் நடுவில் மாட்டுவது. இது ஒல்லியாக, கணுவில் மடங்கி, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நுனியில் விரல் வைத்த உள்ளங்கை ஒன்றை மாட்டிவிட்டால் விளையாட்டு அதைக் கையென்றே கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆடச் சொன்னால் துதிக்கை தாளம் போடும். சண்டையில் துதிக்கையால் அறையும். பாதத்தை மாட்டினாலோ அது காலாகி, யாளி மூக்கால் நடக்கும். நுனியை வெறுமையாக விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். நிம்மதி வேண்டுமென்றால் முதல் வழியே நல்லது.

கை கால் விஷயத்திலும் இதே விதிதான். எழும்பி நிற்கும் யாளிக்கு முன்னங்கால் தரையில் படக்கூடாது. முன்னங்கால் நுனியில் பாதம் மாட்டினால் அது தரையைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். யாளி நாலு காலில் குனிந்துவிடும். நகமுள்ள கையை மாட்டினால்தான் முன்னங்கால் அந்தரத்தில் நிற்கும். பின்னங்கால் தொடையைப் பருக்கவைத்து, முழங்கால் மூட்டைப் பிடித்து முன்னே இழுத்தால் பாயத் தயாரான நிலை வரும்.

கண், கொம்பு, பிடரி எல்லாம் எளிது. மவுஸ் சக்கரத்தால் கண்ணைப் பெரிதாக்கி, டேப் விசையை அழுத்தினால் வரும் வளையங்களைச் சுழற்றிக் கண்ணை வெளியே பிதுக்கலாம். எந்த உறுப்பை மாட்டினாலும் எதிர்ப்பக்கத்திலும் ஒன்று தானாக வரும். ஒரு பக்கம் மட்டும் வேண்டுமென்றால் ஏ விசையை அழுத்திக்கொண்டு மாட்டவேண்டும். ஆல்ட் விசையோடு இழுத்தால் மாட்டிய உறுப்புக்கு நகல் கிடைக்கும், அளவு, கோணம் எல்லாவற்றோடும். பிடரியில் பலர் மாட்டிக்கொள்வார்கள்: சின்னச் சின்னச் சுருளாக முப்பது வைக்கப் போய் பாதியிலேயே பட்டை நிரம்பிவிடும். பெரிதாக்கிய ஆறேழு உறுப்புகளை ஒன்றன்மேல் ஒன்று பாதி மறையும்படி அடுக்கினால் அதே நெருக்கம் கண்ணுக்கு வரும், இடமும் மிஞ்சும். நிறம் மூன்று அடுக்கு: அடிநிறம், மேல்பூச்சு, நுணுக்கம். கல் சாம்பலுக்கு மேல் கொஞ்சம் எண்ணெய்க் கறுப்பு ஏற்றினால் கோயில் தூண் நினைவுக்கு வரும்.

பூசி முடித்ததும் சோதனைப் பக்கத்துக்குப் போய் மூன்று பார்க்கவேண்டும்: நடை, ஓட்டம், ஆட்டம். நடையில் கோளாறு இல்லாத விலங்கும் ஆட்டத்தில் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் கை முழுவதும் நீள்வது அப்போதுதான். மாட்டிய கொம்புக்குள் கை புகுந்து மறுபக்கம் வந்தால் கொம்பை ஒரு கணு மேலே தள்ளினால் போதும்.

உள்ளே நடப்பது என்ன

இந்த யாளியை உலகில் யாரும் முன்பே பார்த்ததில்லை. பிறகு அதற்கு நடக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வழக்கமான விளையாட்டில் ஒவ்வோர் உருவத்துக்கும் ஓவியர் உட்கார்ந்து எலும்பு எலும்பாக அசைவு செய்வார். இங்கே அது முடியாது; உருவம் இன்னும் பிறக்கவே இல்லை. மேக்சிஸில் வேலை பார்த்த கிறிஸ் ஹெக்கரும் அவருடைய சகாக்களும் இதற்குக் கண்டுபிடித்த வழியை 2008இல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள்.

கோலாட்டம் சொல்லித்தரும் வாத்தியாரை நினைத்துக்கொள்ளுங்கள். உன் முழங்கையை இத்தனை பாகை மடக்கு என்று அவர் சொல்வதில்லை. வலது கோலை எதிராள் கோலில் தட்டு, குனி, சுற்று என்கிறார். குட்டைப் பிள்ளையும் நெட்டைப் பிள்ளையும் தன் தன் உடம்புக்கு ஏற்றபடி அதைச் செய்கிறார்கள். ஸ்போரின் அசைவுகளும் அந்த வகையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன: பற்றும் உறுப்பு எதுவோ அதை வாயருகே கொண்டுபோ, தரையைத் தொடும் உறுப்புகளை இந்த வரிசையில் தூக்கு, வாய் எங்கிருந்தாலும் எதிராளி பக்கம் திருப்பு. உறுப்பு எத்தனை, எங்கே, எவ்வளவு நீளம் என்பதை விளையாடும் நேரத்தில் கணினி நிரப்பிக்கொள்கிறது. துதிக்கை நுனியில் உள்ளங்கையை மாட்டியதும் அது தாளம் போட்டதற்குக் காரணம் இதுதான். நாம் அதைத் துதிக்கை என்று நினைத்தோம். கணினிக்கு அது பற்றும் உறுப்பு.

ஒரு விஷயத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள்: எடை. யாளிக்கு எவ்வளவு பெரிய தலை வைத்தாலும் அது குப்புற விழாது. நிஜ உடம்பில் தலை பருத்தால் கழுத்துத் தசை பருக்கவேண்டும், முன்னங்கால் அகலவேண்டும், இரத்தம் ஏற்ற இதயம் வலுக்கவேண்டும். இந்தக் கணக்கெல்லாம் வைத்திருந்தால் பத்து வயதுப் பிள்ளை செய்யும் விலங்குகளில் பெரும்பாலானவை எழுந்தே நிற்காது. விளையாட்டாக அது சரியான முடிவு. அறிவியலாக அதுதான் முதல் விரிசல்.

திறன்கள் கூட்டப்படுவதில்லை, உயர்ந்ததே கணக்கில்

இரண்டாம் கட்டத்தில் மற்ற விலங்குக் கூட்டங்களை ஆடிப் பாடி நட்பாக்கலாம், அல்லது கடித்து அழிக்கலாம். கடித்தல், மோதுதல், அறைதல், துப்புதல் நாலும் சண்டைக்கு. பாட்டு, ஆட்டம், மயக்கு, நிலைகாட்டல் நாலும் நட்புக்கு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து படி. உறுப்புகள் இந்தப் படிகளைத் தருகின்றன: தாடை கடிக்கும் திறனையும், கொம்பு மோதும் திறனையும், பாதம் ஆட்டத்தையும் வேகத்தையும்.

இங்கே புதியவர்கள் வீணாக்கும் புள்ளிக்கு அளவில்லை. மூன்றாம் படித் தாடை இரண்டு மாட்டினால் ஆறாகாது, மூன்றேதான். ஒரு திறனுக்கு உடம்பில் இருப்பவற்றிலேயே உயர்ந்த ஒரே உறுப்பு மட்டும் கணக்கில் வரும். ஆகவே பழைய இரண்டாம் படிக் கொம்பை அழகுக்காக வைத்திருப்பதென்றால் வைத்திருக்கலாம், பலன் எதுவும் இல்லை. எட்டுத் திறனையும் வளர்க்கப் பார்த்தால் எதுவும் உயராது. நட்பில் போவதென்றால் நட்புத் திறன்கள் நாலையும் சேர்த்து உயர்த்தவேண்டும்; எதிர்க்கூட்டம் பாடினால் நாம் பாடவேண்டும், ஆடினால் ஆடவேண்டும், ஒன்று இல்லையென்றாலும் அங்கே தடைப்படும். சண்டைக்காரருக்கு இரண்டு திறன் உயர்ந்தாலே போதுமானது. புது உறுப்புகளுக்கு நிலத்தில் கிடக்கும் எலும்புக்கூடுகளைக் கிளறிப் பார்க்கவேண்டும். பாதையை விட்டு விலகி நடப்பவருக்கு நிறையக் கிடைக்கும்.

இந்தக் கட்டம் முடிந்து நெருப்பு வந்ததும் உடம்பு உறைந்துவிடும். அதற்குப் பிறகு ஆடை அணிகலன் மட்டுமே மாற்றலாம். யாளியின் துதிக்கை கோணலாக இருந்தால் இரண்டாம் கட்டத்தின் கடைசி முட்டைக்குள் சரிசெய்துவிட வேண்டும்.

புலிக்குளம் காளை சொல்வது வேறு

இப்போது பரிணாமம். வெளியான அடுத்த மாதமே, 2008 அக்டோபரில், சயன்ஸ் இதழில் அறிவியல் எழுத்தாளர் ஜான் போஹானன் பரிணாம உயிரியலாளர்களோடு இந்த விளையாட்டை மதிப்பிட்டு எழுதினார். உயிரியல் பாடத்தில் ஸ்போர் தேறவில்லை. அந்தத் தீர்ப்பு நியாயமானதே. எங்கே தேறவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம்.

ஸ்போரில் ஓர் உறுப்பைக் கழற்றினால் கொடுத்த புள்ளி முழுவதும் திரும்ப வரும். போன தலைமுறையில் நாலுகால் யாளி, அடுத்த முட்டையில் சிறகு வைத்த பாம்பு. இயற்கையில் இப்படித் திருப்பித் தரும் கடை கிடையாது. பாட்டன் உடம்பு எதுவோ, அதன்மேல் சின்னச் சின்ன மாற்றம்தான் பேரனுக்கு வரும். அந்த மாற்றமும் தேவைப்பட்டு வருவதில்லை. கொசு மருந்தைத் தாங்கும் சக்தி மருந்து அடித்ததால் கொசுவுக்கு வருவதில்லை. வைகைக் கரையோரச் சாக்கடையில் இருக்கும் ஆயிரக்கணக்கான கொசுக்களில் பிறவியிலேயே தாங்கும் சக்தியுள்ள சில இருந்திருக்கும். மருந்து மற்றவற்றைக் கொல்லும், அந்தச் சில முட்டையிடும். யாரும் எதையும் வாங்கி மாட்டவில்லை.

மனிதக் கை புகுந்த தேர்வும் ஸ்போரைப் போல் இல்லை. மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் புலிக்குளம் மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிடை மாடாக மேய்த்து, வயலில் மடக்கி உரத்துக்கு நிறுத்திய மாடு. அதன் காளைதான் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசலில் திமில் குலுங்கப் பாய்கிறது. அந்தத் திமிலை எவரும் ஒரே நாளில் வைக்கவில்லை. எந்தக் காளையைப் பொலிகாளையாக விடுவது, எதைக் காயடிப்பது என்று தலைமுறை தலைமுறையாகக் கீதாரிகள் என்ற கிடை மேய்ப்பர்கள் எடுத்த முடிவுகள் சேர்ந்து நின்ற உருவம் அது. அவர்களால் பிறந்த கன்றுகளுக்குள்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. பிறக்காத கன்றைச் செய்ய முடியவில்லை.

தேர்வு செய்தவர் கேட்காததும் கூடவே வரும். தெற்கே ராஜபாளையம் நாயின் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் எல்லாருக்கும் தெரியும். அந்த வெண்மைக்காகவே தேர்ந்து தேர்ந்து வளர்த்ததில், குட்டிகளில் சில காது கேளாமல் பிறக்கின்றன. தோலுக்கு நிறம் தரும் அதே வகைச் செல்கள் உட்செவிக்கும் தேவை. அவை போய்விட்டால் நிறமும் போகும், செவியும் போகலாம். ஸ்போரில் வெள்ளை பூசினால் வெள்ளை மட்டும்தான் வரும். உயிர்களில் ஒரு நூலை இழுத்தால் இன்னொரு பக்கம் நெசவு சுருங்குகிறது.

பகடையோடு விளையாட ஒரு வழி

பள்ளியிலோ வீட்டிலோ இந்த வித்தியாசத்தைக் காட்ட, விலங்குக் கூடமும் ஒரு பகடையும் ஒரு துண்டுச் சீட்டும் போதும். எளிய விலங்கு ஒன்றைச் செய்து நாலு பெயரில் சேமியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை பகடை உருட்டவேண்டும். 1 விழுந்தால் கால் ஒரு சுண்டுவிரல் அளவு நீளம், 2 என்றால் அதே அளவு குட்டை. 3 உடம்பின் நடுக்கணு சக்கரத்தின் ஒரு சொடுக்குக்குப் பருமன், 4 ஒரு சொடுக்கு மெலிவு, 5 கண் ஒரு சொடுக்குப் பெரிது, 6 மாற்றமில்லை. வேறு எதையும் தொடக்கூடாது, எதையும் கழற்றக்கூடாது.

சுற்றுச்சூழலாக இருப்பவர் தனி ஆள். அவர் சீட்டில் முன்கூட்டியே ஒரு விதி எழுதி மடித்து வைத்திருப்பார், உதாரணமாக: பொந்து சின்னது, பருமன் கூடியவை இரண்டு சாகும். ஒவ்வொரு சுற்றிலும் நாலில் இரண்டு போகும்; மிஞ்சிய இரண்டுக்கும் இரண்டிரண்டு பிள்ளை; மறுபடி நாலு. பத்துச் சுற்று ஓடினால் நாற்பது விலங்காகும். இறந்தவற்றை அந்தந்தச் சுற்றிலேயே அழித்துவிடவேண்டும், இல்லையென்றால் எது யார் பிள்ளை என்று குழம்பிப்போகும்.

முதல் சில சுற்றில் ஒன்றும் நகராமல் போகலாம். தேவையான எண் விழாதவரை தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. பிள்ளைகள் பொறுமை இழப்பது இங்கேதான். இந்த இடத்தைக் கடக்காமல் நிறுத்திவிடக்கூடாது, ஏனென்றால் மாற்றம் முதலில், தேர்வு பிறகு என்ற வரிசை புரிவது இந்தக் காத்திருப்பில்தான். அடுத்த ஆபத்து, சுற்றுச்சூழலாக இருப்பவர் சீட்டை மறந்துவிட்டு, பார்க்க அழகாக இருக்கிறதென்று ஒன்றைக் காப்பாற்றுவது. அப்படிச் செய்தால் அது புலிக்குளம் கணக்காகிவிடும். இரண்டையும் தனித்தனியே விளையாடி, பத்தாவது சுற்று விலங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இதற்கு மேலும் அறிவியல் வேண்டுபவர்கள் த்ரைவ் என்ற திறமூல விளையாட்டைப் பார்க்கலாம். அங்கே செல்லின் ஒவ்வோர் உள்ளுறுப்பும் ஏடிபியை, அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் பொருளை, செலவழிக்கும். உடம்பு பெருத்தால் தின்றுகொண்டே இருக்கவேண்டும், தீர்ந்தால் சாவு. மற்ற இனங்களும் தம் பாட்டுக்கு மாறிக்கொண்டே இருக்கும். அழகில் ஸ்போருக்கு அருகில் வராது, ஆனால் கணக்கு நேர்மையானது.

கடைசிக் கட்டத்தில் ஒரு நல்ல பாடம்

மூன்றாம், நான்காம் கட்டங்கள் கூட்டத்தையும் நகரத்தையும் பற்றியவை, ஓடிக் கடந்துவிடலாம். ஐந்தாவதான விண்வெளியில் ஒன்று மட்டும் உயிரியல் ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ளத் தக்கது: வறண்ட கோளை வாழத் தக்கதாக்குவது. கோளுக்கு மூன்று படி. ஒவ்வொரு படிக்கும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று செடிகள், பிறகு இரண்டு தாவர உண்ணிகள், பிறகு ஓர் ஊனுண்ணி அல்லது அனைத்துண்ணி. வெப்பத்தையும் காற்றையும் கருவியால் சரிசெய்துவிட்டுச் செடி வைக்காமல் பறந்து போனால் கோள் பழைய நிலைக்கே சரியும். செடி வேர் பிடித்தால்தான் வானிலை நிற்கும். செடிக்கு முன்னால் விலங்கை இறக்கினால் அது நிலைக்காது.

இந்த அடுக்கை மேலூர் பக்கம் அரிட்டாபட்டியில் நேரிலேயே காணலாம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட சுமார் 193 ஹெக்டேர் நிலம் அது. பாறைமேல் லகுடு வல்லூறு உட்கார்ந்திருக்கிறதென்றால் கீழே அதற்கு இரையாகும் சின்னப் பறவைகள் உண்டு, அவற்றுக்குப் பூச்சியும் தானியமும் உண்டு, அதற்குக் கண்மாயும் சுனையும் உண்டு. ஸ்போரில் மூன்று வரிசையில் முடிவது அங்கே நூற்றுக்கணக்கான இழைகளாக ஓடுகிறது.

வாங்குவதும் பகிர்வதும்

பழைய டிவிடி கைக்கு வந்தால் யோசித்து வாங்குங்கள். வெளியான புதிதில் திருட்டுப் பிரதியைத் தடுக்க வைத்த பூட்டு, ஒரு பிரதியை மூன்று கணினிக்கு மேல் நிறுவ விடவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் அதை ஐந்தாக்கினார்கள். யாரோ ஏற்கெனவே நிறுவித் தீர்த்த டிவிடியாக இருந்தால் அது வெறும் தட்டு. ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்குவது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும். 2009இல் வந்த கேலக்டிக் அட்வென்ச்சர்ஸ் விரிவாக்கம் விலங்கு செய்வதற்குத் தேவையே இல்லை.

செய்த யாளியை நண்பருக்கு அனுப்புவது மிக எளிது. ஆவணக் கோப்புறையில் மை ஸ்போர் கிரியேஷன்ஸ் என்ற இடத்தில், விலங்குகளுக்கான உள்கோப்புறையில், யாளியின் சின்னப் படம் ஒன்று பிஎன்ஜி கோப்பாக இருக்கும். பார்க்க வெறும் படம். ஆனால் முதுகெலும்பின் வளைவு முதல் பிடரியின் நிறம் வரை முழு விலங்கும் அந்தப் படத்துக்குள்ளேயே மறைத்து எழுதப்பட்டிருக்கிறது. நண்பர் அதை இழுத்துத் தன் விளையாட்டுச் சாளரத்தில் போட்டால் யாளி எழுந்து நடக்கும். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் மட்டும் வேலை செய்யாது: அது படத்தைச் சுருக்கி வேறு வகையாக மாற்றிவிடும், மறைத்து எழுதியதெல்லாம் அழிந்துபோய் யாளியின் படம் மட்டும் மிஞ்சும். இணைப்பில் ஆவணம் என்பதைத் தேர்ந்து, கோப்பாக அனுப்பவேண்டும்.